கடைசிக் கட்டிலில் அழுத்திய கை

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தையல்காரி தன் புருஷனோடு அந்தப் பழைய ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. பைக்குள் மாற்றுத்துணி, போர்வை, வெந்நீர்க் குடுவை. பின்னாலேயே நாத்தனார், சுருங்க மறுத்த குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்ஸியிலிருந்து கீழே கால் வைப்பதற்குள் அவன் போன் அடித்தது. அடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். எந்த மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கூப்பிடுவது அவனைத்தான்.

"பயப்படாதீங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன். மூச்சை மெதுவா விடுங்க," என்றான் போனில்.

அந்தக் குரல்தான் தையல்காரிக்கு வயிற்றெரிச்சல். வீட்டில் அவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டியவன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் எவளாவது ஒருத்தி அழுதால் மட்டும் குரல் வெண்ணெயாக உருகிவிடும்.

"நெஞ்சுல அடைப்பை வச்சுக்கிட்டு எவளுக்கு ஆறுதல் சொல்றீங்க?"

"மூணாவது மாடி டீச்சரம்மா. பாவம், எழுபது வயசு."

"எழுபதுன்னா பொம்பளை இல்லைன்னு ஆயிடுமா?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். "அண்ணி, எங்க அண்ணனுக்கு அடைப்பு வந்ததே உங்களாலதான். நெஞ்சுக்குள்ள வேற யாரும் நுழைஞ்சிடக் கூடாதுன்னு நீங்களே கதவைச் சாத்திட்டீங்க."

"சாத்தினது சாத்தினதாவே இருக்கட்டும். டாக்டர் தொறந்தாலும் உள்ள நான் மட்டும்தான் போவேன்."

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. ஆளை அத்தனை ஆசையாக வைத்திருந்தாள். அவன் போடும் ஒவ்வொரு சட்டையும் அவள் தைத்தது. ஒவ்வொன்றிலும் காலர் மடிப்புக்குள், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், சிவப்பு நூலால் சின்னதாக ஒரு குறுக்குத் தையல் போட்டு வைப்பாள். இது என்னுடையது என்று அதற்கு அர்த்தம். இத்தனை வருஷத்தில் அவனுக்கே அது தெரியாது.

நரைத்த டாக்டர் ஒருவர் அவர்களை உட்காரவைத்து விளக்கினார். மெல்லிசான குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரைக்கும் கொண்டுபோவார்கள். நுனியில் இருக்கும் பலூனை ஊதி அடைப்பை விலக்குவார்கள். மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க, வலை மாதிரி ஒரு ஸ்டென்ட் வைப்பார்கள். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. மயக்க மருந்துகூட முழுசாகத் தேவையில்லை.

"பத்திரமானதுதானா, டாக்டர்?" என்றாள்.

"ரொம்பப் பத்திரம். பலனும் கைமேல தெரியும், மாடிப்படி ஏறுறப்போ மூச்சு வாங்காது. முதல்ல மணிக்கட்டு வழியா முயற்சி பண்ணுவோம். அது சரிவரலைன்னா தொடை வழியா போவோம்." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் இதயத்தை நினைச்சுத்தான் பயப்படுறாங்கம்மா. நான் பயப்படுறது நாங்க நுழைஞ்ச இடத்துக்கு. தொடையில இருக்கிறது பெரிய ரத்தக்குழாய். ரத்தம் உறையாம இருக்க மருந்து வேற குடுத்திருப்போம். அந்தத் துளை நல்லா மூடுற வரைக்கும் காலை மடக்கவே கூடாது. எழுந்து உட்காரவும் கூடாது. நாங்க சொல்ற வரைக்கும் நீட்டிப் படுத்தபடியே இருக்கணும். அதைப் பார்த்துக்கிறது உங்க பொறுப்பு."

"என்னைத் தாண்டி ஒரு ஈ நுழையாது டாக்டர்," என்றாள் தையல்காரி.

சொன்ன மாதிரியே மணிக்கட்டுக் குழாய் சுருங்கி மக்கர் பண்ணியது. தொடை வழியாகத்தான் போனார்கள். மத்தியானம் ஆவதற்குள் முடிந்துவிட்டது. சின்ன நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிச் சிரித்தாள்.

"நல்லபடியா முடிஞ்சுது அக்கா. துளைக்குள்ள அடைப்பான் வச்சு மூடிட்டோம், யாரும் கையால அமுக்க வேண்டியதில்ல. பக்கத்துல ஓய்வு அறை, கடைசிக் கட்டில். போய்ப் பாருங்க. ஒரு அவசர கேஸ் வந்துட்டிருக்கு, நாங்க எல்லாரும் உள்ள இருப்போம். ஏதாவதுன்னா மணி அடிங்க."

நாத்தனார் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். தையல்காரி மட்டும் உள்ளே போனாள்.

இனிமேல் கொஞ்சம் குளிரும். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது யார் கை என்று பார்த்துவிட்டுப் பிடிப்பது நல்லது.

அந்த அறை கட்டிடத்தின் பழைய பகுதியில் இருந்தது. மேற்கூரை உயரம். ஈரச் சுவரின் வாடையும் ஸ்பிரிட்டின் நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் நின்றன. வெளியே மேகம் கருத்து இறங்கியதால் பகலிலேயே குழல்விளக்குகளைப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று மட்டும் விட்டுவிட்டு ரீங்கரித்தது. நான்கு கட்டில்கள். மூன்றில் ஆள் இல்லை. ஜன்னலோரத்தில் இருந்த கடைசிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்து விட்டிருந்தது.

திரை தரைவரை எட்டவில்லை. அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

வெள்ளைக் காலணி. குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன. முழு பாரத்தையும் கைகளில் இறக்கி, எதையோ குனிந்து அழுத்துகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

நர்ஸாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் தையல்காரியின் கண் முதலில் போனது துணிக்குத்தான். வெள்ளைப் பாவாடை, முழங்காலுக்கு நன்றாகக் கீழே வரை. விளிம்பு பிரிந்து, திரும்பக் கையால் மடித்துத் தைத்திருந்தது. நீல நூலில்.

வெள்ளைத் துணிக்கு எவளாவது நீல நூல் போடுவாளா?

திரையை விலக்கினாள்.

யாரும் இல்லை.

அவன் மட்டும் மல்லாந்து கிடந்தான். கண் மூடியிருந்தது, உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

பிறகுதான் அவன் தொடையைப் பார்த்தாள். துளைக்கு மேலே தடிமனாகப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் பஞ்சில் நான்கு குழிகள். பிசைந்த மாவில் விரலை வைத்து அமுக்கியது போல ஆழமான குழிகள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒவ்வொன்றாக, மெதுவாக, மேலெழும்பி நிரம்பின.

"என்னங்க," என்றாள். மறுபடி, "என்னங்க! யாரு இங்க நின்னது?"

அவன் கண்ணைத் திறந்தான். "சிஸ்டர்தான். எவ்வளவு நேரமா அமுக்கிப் பிடிச்சிட்டிருந்தாங்க, பாவம். கை ஜில்லுனு இருந்துச்சு. ஆனா இதமா இருந்துச்சு."

"இதமாவா?"

"ஆமா. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்னாங்க."

தையல்காரிக்குச் சுரீரென்றது. அது அவனுடைய வசனம். அதை இத்தனை வருஷமாக வேறு பெண்களுக்குத்தான் அவன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இப்போது ஒருத்தி அதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அவன் உருகிப்போய்க் கிடக்கிறான்.

"பார்க்க எப்படி இருந்தா?"

"முகத்தைப் பார்க்கலையே. தலையைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"ஓ. சொன்னதை அப்படியே கேட்டுட்டீங்களாக்கும்."

விறுவிறுவென்று வெளியே வந்தாள். நடையின் கோடியில், சாமான் அலமாரியிலிருந்து எதையோ அள்ளிக்கொண்டு ஓடிய சின்ன நர்ஸை வழிமறித்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு அமுக்கிவிட்ட சிஸ்டர் யாரும்மா? பாவாடை போட்டவங்க?"

"அமுக்கிவிட்டாங்களா? இல்லையே அக்கா, அதுதான் அடைப்பான் வச்சாச்சே. அதோட இங்க நாங்க எல்லாருமே பேண்ட்தான் போடுறோம்." அவள் தன் காலைக் குனிந்து காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டி, அவசர அறையின் ஆடும் கதவுக்குள் மறைந்தாள்.

கொஞ்சம் தள்ளித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான பெண் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"நீல நூலா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

துடைக்கிறவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். பேச்சு ரகசியம் போல இறங்கியது.

"முன்ன இங்க வேலை பார்த்தவங்க. அமுக்கு சிஸ்டர்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அப்போ இந்த அடைப்பான் எல்லாம் வரல. குழாயை உருவினதும் ஒரு ஆளு கையை வச்சு இருபது நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். நடுவுல எடுத்துப் பார்க்கக் கூடாது. அது அவங்க வேலை. 'இந்த இருபது நிமிஷம் இந்த ஆளு என்னோடது. அதுக்கப்புறம் பொண்டாட்டி வந்து கூட்டிட்டுப் போகட்டும்'னு சொல்லிச் சிரிப்பாங்க. நாங்களும் சிரிப்போம். ஆனா பொண்டாட்டி திரையை விலக்கிட்டு உள்ள வர்ற நேரத்துல அவங்க முகத்தைப் பார்க்கணுமே! சாப்பிட்டுட்டிருக்கிற குழந்தை முன்னாடி இருந்து தட்டைப் பிடுங்கின மாதிரி இருக்கும்."

"அவங்களுக்குன்னு யாரும் இல்லையா?"

"இல்ல கண்ணு. கடைசியில அவங்களுக்கே நெஞ்சுவலி வந்துச்சு. இதே மேஜை, இதே வைத்தியம். நெஞ்சு நல்லா ஆயிடுச்சு. அந்தக் கடைசிக் கட்டில்லதான் படுக்க வச்சாங்க. ரத்தம் வெளிய வராம, உள்ளுக்குள்ளயே முதுகுப் பக்கமா இறங்கிட்டே இருந்திருக்கு. கட்டுத்துணியில ஒரு சொட்டு இல்ல. முகம் வெளுக்குதே, வேர்க்குதேன்னு பக்கத்துல இருந்து பார்க்க ஒரு ஆளு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாங்க போய்ப் பார்க்கிறப்போ அவங்க கை அவங்க தொடைமேலயே இருந்துச்சு. தன்னைத் தானே அமுக்கிக்கிட்டு."

தையல்காரி கடைசிக் கட்டில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தனியா வர்றவங்ககிட்ட அவங்க போறதே இல்ல," என்றாள் துடைக்கிறவள். "கூட ஒருத்தி காவலுக்கு உட்கார்ந்திருந்தாதான் வருவாங்க. கெடுதல் பண்ண மாட்டாங்க. நேரம் ஆனா தானா போயிடுவாங்க. நீ மட்டும் போட்டிக்கு நிக்காத தாயி."

இதைக் கேட்டால் உங்களுக்கும் எனக்கும் என்ன வரும்? பயம் வரும். அவளுக்கும் வந்தது. ஆனால் திரும்பி அந்தக் கட்டிலை நோக்கி நடக்க நடக்க, அடியில் கிடந்த புகைச்சல் பயத்தை முந்திக்கொண்டது. செத்தவளானால் என்ன, அவளும் பெண்தானே. யார் வீட்டு ஆளுக்கு யார் காவல்?

திரைக்குள் அவன் விழித்துக்கொண்டு கிடந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது. அது ஏமாற்றம் என்று அவளுக்குப் புரிந்தது.

"நீயா?" என்றான்.

"பின்ன யாரு வருவான்னு பார்த்தீங்க?"

"இல்ல, அந்த சிஸ்டர்… இப்போதான் இருந்தாங்க. நீ வந்ததும் கையை எடுத்துட்டாங்க."

"நான் வந்தா எடுக்கத்தான் வேணும்." அவள் குடுவையைத் திறந்து குவளையில் ஊற்றினாள். "தண்ணி குடிங்க."

"படுத்தபடியே குடிக்கிறேன். அவங்க சொல்ற வரைக்கும் காலை அசைக்க வேண்டாம்னு சொன்னாங்க."

"அவங்க சொல்ற வரைக்குமா?"

இதே வார்த்தையைத்தான் டாக்டர் காலையில் சொன்னார். அவளும் பெருமையாகத் தலையாட்டினாள். ஆனால் இப்போது அது வேறொருத்தியின் கட்டளையாக வந்தது. அந்தக் கட்டளைக்கு அவன் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை போலக் கட்டுப்பட்டுக் கிடக்கிறான். அவளுக்குத் தலைக்குள் எதுவோ பற்றிக்கொண்டது.

"இத்தனை வருஷமா நான் கத்தினா காதுல வாங்கினது கிடையாது. எவளோ சொன்னா மரக்கட்டையா கிடப்பீங்களா? எழுந்திருங்க."

"வேண்டாம்டி…"

ஒரு தலையணையை எடுத்து அவன் முழங்காலுக்கு அடியில் செருகினாள். கால் மடங்கியது. தோளுக்குப் பின்னால் கையைக் கொடுத்து அவனைத் தூக்கி உட்காரவைத்தாள். குவளையை வாயருகே கொண்டுபோனாள்.

ஜன்னல் மூடியிருந்தும் திரை ஒருமுறை உள்பக்கமாக உப்பித் தணிந்தது.

அவன் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடிப்பதற்குள் முகம் மாறியது.

"இங்க… சூடா ஏதோ…" என்றான்.

அவள் போர்வையை விலக்கினாள்.

பஞ்சு சிவந்துவிட்டது. பார்க்கப் பார்க்க விரிப்பும் சிவந்தது. தையல் மேஜையில் மை கொட்டினால் துணி எப்படிக் குடிக்குமோ, அப்படிக் குடித்தது.

மணியை அழுத்தினாள். எங்கோ தூரத்தில் அது அடித்தது. கத்தினாள். நடையில் காலடிகள் ஓடின. அவை எதிர்ப்பக்கம், ஆடும் கதவுக்குள் ஓடின. உள்ளே வேறு யாருடைய இதயமோ நின்றுபோய்க்கொண்டிருந்தது.

தலையணையைப் பிடுங்கி எறிந்தாள். அவனைப் படுக்கவைத்தாள். கத்தரிக்கோல் பிடித்துக் காய்ப்பேறிய வலக்கையை அந்த இடத்தில் வைத்து முழு பலத்தோடு அமுக்கினாள். ரத்தம் விரலிடுக்கில் வெதுவெதுப்பாகக் கிளம்பியது. இன்னும் அமுக்கினாள். இன்னும் வந்தது. அவன் உதடு வெளுத்து, நெற்றியில் முத்துமுத்தாக வேர்த்தது.

"யாராவது வாங்களேன்!"

யாரும் வரவில்லை.

பிறகு, அவள் கைமேல் ஒரு கை வந்தது.

குளிர். கிணற்றுக்குள் இருந்து எடுத்த கல் போன்ற குளிர். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் விரல்மேல் விரல் படிந்தது தெரிந்தது. தன் புறங்கையின் சதை நான்கு இடத்தில் அமுங்குவதைப் பார்த்தாள்.

அந்தக் கை அவள் கையை நகர்த்தியது. துளையிலிருந்து மேலே, கொஞ்சம்தான், இரண்டு விரல் அளவு. அங்கே ஓடிக்கொண்டிருந்த துடிப்பின் மேல் அவள் விரல்களைச் சரியாக உட்காரவைத்து, கீழே தள்ளியது.

ரத்தம் நின்றது.

குழாயைத் திருகி மூடியது போல.

அவள் காதுக்கு வெகு அருகில் ஸ்பிரிட் வாடை அடித்தது. அதற்குக் கீழே இன்னொரு வாடை, நாளான ரத்தம்.

"அசையாதீங்க," என்றது ஒரு குரல். அவளிடம் அல்ல, அவனிடம். அப்படி ஒரு குழைவு. "நான் இங்கதான் இருக்கேன்."

அவன் கண்மூடியபடியே சிரித்தான்.

அந்த நிலையிலும், கண்ணுகளா, அந்த ரத்தத்துக்கு நடுவிலும், அவளுக்குப் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "போதும். விடு. இடம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவர் என்னோட ஆளு."

மேலே இருந்த கை எழுந்தது.

அவள் தன் பலம் அத்தனையும் போட்டு அழுத்தினாள். அதே இடம், அதே விரல்கள். ஆனாலும் அடியில் அந்தத் துடிப்பு மீன் போல வழுக்கி நழுவியது. ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. அவன் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"வா," என்றாள். "வந்துடு. தயவு பண்ணி வந்துடு."

ஒன்றும் நடக்கவில்லை. குழல்விளக்கு ரீங்கரித்தது.

பிறகு குரல் மட்டும் வந்தது, பொறுமையாக, கடையில் துணி எடுப்பவளிடம் கேட்பது போல.

"யாரோட ஆளு?"

அவன் நகங்கள் நீலம் பாரிக்கத் தொடங்கின. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அவன் தலைமாட்டில் மடித்து வைத்திருந்த சட்டையைப் பார்த்தாள். அதன் காலருக்குள் இருந்த சிவப்பு நூல் அவளுக்கு மட்டுமே தெரியும்.

"யாரோட ஆளு?"

"உன்னோட ஆளுதான்," என்றாள் தையல்காரி. குரல் உடைந்தது. "உன்னோட ஆளுதான். எடுத்துக்கோ. உயிரோட இருந்தா போதும். அமுக்கு."

கை வந்தது.

இந்தமுறை அவள் கைக்கு மேலே வரவில்லை. அடியில் வந்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில்.

டாக்டரும் சின்ன நர்ஸும் ஓடி வந்தபோது அவள் அப்படியே குனிந்து நின்றிருந்தாள். குதிகால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பியிருந்தன. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு மூச்சு விட்டார்.

"துளைமேல அமுக்காம அதுக்கு மேல சரியான இடத்துல பிடிச்சிருக்கீங்க. யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

மடக்கிய கால், தலையணை, உட்காரவைத்தது என்று நடந்ததை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்து அனுப்பினார்கள்.

புறப்படும்போது துடைக்கிறவள் வாசலில் நின்றிருந்தாள். தையல்காரியின் வலக்கையைத் தொட்டுப் பார்த்தவள், அதன் குளிரில் சட்டென்று விட்டுவிட்டாள்.

"என்ன குடுத்த?" என்று மட்டும் கேட்டாள்.

வைத்தியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் சொன்ன பலன் அப்படியே கிடைத்தது. மாதம் ஒன்று முடிவதற்குள் அவன் மாடிப்படி ஏறினான், மூச்சு வாங்கவில்லை. மறுபரிசோதனையில் இதயம் இளைஞனுடையது போல ஓடுகிறது என்றார்கள். தொடையில் ரத்தம் கன்றியிருந்த தடம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. விரல் பதிந்த நான்கு கோடுகள் மட்டும் மறையவில்லை. "போகப் போகப் போயிடும்," என்றார் டாக்டர்.

நாத்தனார் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு மூக்கின்மேல் விரல் வைத்தாள். "என்ன அண்ணி, அதிசயமா இருக்கு! போன் வந்து பத்து நிமிஷமா எவகிட்டயோ அண்ணன் பேசுறாரு, நீங்க பாட்டுக்கு பட்டன் தைக்கிறீங்க. கோபம் எல்லாம் எங்க போச்சு?"

தையல்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேசட்டும்."

"யாரு அண்ணி அது, மூணாவது மாடி டீச்சரா?"

அப்போதுதான் நாத்தனார் கவனித்தாள். அண்ணன் கையில் போனே இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான். வலது காலை நேராக நீட்டியிருந்தான். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தூங்கும்போதுகூட அந்தக் காலை அவன் மடக்குவதில்லை. கால்மாட்டில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, அந்தப் பழைய உருகிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

நாத்தனார் அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள்.

அவள் போனதும் தையல்காரி எழுந்து கட்டிலருகே வந்தாள். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்ததை அன்று அவளால் அடக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு, அவன் மார்பில் கையை வைக்கப் போனாள்.

"இரு," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "இன்னும் நேரம் ஆகல."

"யாரு சொன்னா?"

அவன் சிரித்தான். தூங்கிப்போனான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. உயிரோடு இருக்கிறான், அது போதும் என்றுதான் கொடுத்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அவள் வழக்கமில்லை. ஆனாலும் மனசு கேட்குமா? அவன் சட்டையில் தனக்கென்று இருந்த அந்த ஒரு சின்ன இடத்தையாவது தொட்டுப் பார்க்கலாம் என்று, மெதுவாக, அவன் முழித்துக்கொள்ளாதபடி காலரை மடித்துத் திருப்பினாள்.

சிவப்பு நூலைக் காணவில்லை. பிரித்தெடுத்த இடத்தில் ஊசி பட்ட சின்னச் சின்னத் துளைகள் மட்டும் இருந்தன.

அந்தத் துளைகள் ஒவ்வொன்றின் வழியாகவும், கையால், பொறுமையாக, நீல நூல் ஓட்டியிருந்தது.